எஞ்சின் வேலை பாத்த வண்டி ஒழுகுதா, இழுக்கலையா? திரும்ப இறக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

எஞ்சின் வேலை முடிச்சு வந்த வண்டியில ஒரு மாசத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு வரத்தான் செய்யும். அடியில ஆயில் சொட்டும், இல்ல பிக்கப் இருக்காது, இல்ல பின்னாடி நீலப்புகை விடும், உடனே எல்லாரும் சொல்றது "இறக்கிப் பாத்துடலாம்ணே". அவசரப்பட்டு எஞ்சினை வண்டியிலேந்து இறக்காதீங்க. நான் மெக்கானிக் இல்ல, மன்னார்குடி பக்கம் விவசாயம், ஆனா எங்க வீட்லயும் சொந்தக்காரங்க வீட்லயுமா அஞ்சாறு பழைய வண்டிக்கு எஞ்சின் வேலை பாத்து அப்புறம் அதுங்களோட மல்லுக்கட்டுனதுல தெரிஞ்சுகிட்டத எழுதுறேன். பெரும்பாலும் அம்பாசிடர் பழைய 1489 சிசி பெட்ரோல், மாருதி 800 கார்ப்ரேட்டர் மாடல், இந்த ரெண்டும்தான். வேற வண்டி வச்சிருக்கவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும்.

எங்கேந்து ஒழுகுதுன்னே தெரியலன்னா

முதல்ல கழுவுங்க. மண்ணெண்ணெய் கிடைச்சா அது, இல்லன்னா டீசல், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ் வச்சு எஞ்சினை மேலேந்து கீழ வரைக்கும் தேச்சு, துணியால தொடச்சு நல்லா காய விடுங்க. எஞ்சின் சூடா இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். காஞ்சதும் மூஞ்சிக்குப் போடுற பவுடர சந்தேகப்படுற எடத்துல எல்லாம் தூவி விட்டு, ஒரு பத்து நிமிஷம் நின்ன எடத்துலயே ஓட விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளைல கோடு போட்ட மாதிரி ஆயில் வர்ற வழி தெரியும். ஓட விட்டும் தெரியலன்னா ஒரு அஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வந்து பாருங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, சொட்டுற எடம் வேற கசியிற எடம் வேற. எஞ்சின் உச்சியில மூடியிருக்குற டேப்பட் கவர்ல கசியிற ஆயில் ஃபேன் காத்துல பின்னாடி ஓடி கிளட்ச் ஹவுசிங்ல எறங்கி அங்கேந்து சொட்டும், பாக்குறவன் பின் சீல் (கிராங்க் தண்டோட பின்முனைல ஆயில தடுக்குற வளையம்) போச்சுன்னு சொல்லிடுவான். எப்பவும் ஈரம் இருக்குறதுலயே உசரமான எடம் எதுன்னு பாருங்க, தப்பு அங்கதான்.

டேப்பட் கவர் ஓரத்துல ஈரம்

இது சில்லற விஷயம். கேஸ்கெட் ஒரே பக்கமா நகந்து உக்காந்திருக்கும், இல்லன்னா நட்ட முறுக்கு முறுக்குன்னு முறுக்கி கவரே வளைஞ்சிருக்கும். கழட்டி ஒரு கண்ணாடி மேல கவுத்து வச்சா ஆடுதான்னு தெரிஞ்சிடும். ஆடுனா சின்ன சுத்தியால தட்டி நேராக்கி புது கேஸ்கெட் போடுங்க.

அம்பாசிடர்ல இதோட சைடுலயும் ரெண்டு தகடு கவர் இருக்கு, பிளாக்கோட பக்கவாட்டுல, நடுவுல ஒரே போல்ட். அதோட கேஸ்கெட்டத்தான் வேலை பாக்குறப்ப "பழசே நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுடுவாங்க. அந்த போல்ட்ட அதிகம் இறுக்குனா தகடு நடுவுல குழிஞ்சு ஓரம் தூக்கிக்கும், அப்புறம் இன்னும் இறுக்கினா இன்னும் ஒழுகும்.

மாருதி 800னா டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டோட சேர்ற எடத்துல ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கு, அது காஞ்சு போச்சுன்னா அங்கேந்து நேரா கியர்பாக்ஸ் மேல எறங்கும். என் மச்சான் வண்டிக்கு இத பின் சீல்னு சொல்லி கியர்பாக்ஸையே எறக்க சொன்னாங்க, கடைசியில அந்த சின்ன வளையம் மாத்துனதோட நின்னுடுச்சு. கழட்டுறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டர் இருக்குற நிலைய ஆணியால கீறி அடையாளம் வச்சுக்கங்க, இல்லன்னா டைமிங் போயிடும்.

முன்னாடி புல்லி பக்கம் சுத்தி தெறிச்சிருக்கு

வட்டமா தெறிச்சிருந்தா கிராங்க் முன்முனைல இருக்குற புல்லியோட சீல்தான். புது சீல் போட்டும் ஒழுகுதுன்னா புல்லியோட கழுத்துல விரல் நகத்த வச்சு இழுத்துப் பாருங்க, நகம் ஒரு பள்ளத்துல மாட்டுச்சுன்னா எத்தன சீல் போட்டாலும் நிக்காது, லேத்துல குடுத்து ஸ்லீவ் போடணும் இல்ல வேற புல்லி தேடணும். நகம் மாட்டலன்னா டைமிங் கவர நடுவுக்கு உக்கார வைக்காம இறுக்கிட்டாங்கன்னு அர்த்தம். கவர் போல்ட்ட எல்லாம் லூசா விட்டு, புல்லிய உள்ள ஏத்தி, சீல் தானா நடுவுக்கு வந்ததுக்கு அப்புறம் இறுக்கணும். இதுக்கு எஞ்சினை எறக்க வேண்டியதே இல்ல.

கிளட்ச் ஹவுசிங் அடியில சொட்டுது

இதுலதான் எல்லாரும் காசு விடுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அம்பாசிடரோட பழைய பெட்ரோல் எஞ்சின்ல கிராங்க்குக்குப் பின்னாடி ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்லயே திருகு மாதிரி ஒரு மரை வெட்டியிருக்கும், அது சுத்துறப்ப ஆயில உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், அவ்ளோதான். வண்டி நின்னதும் ஒண்ணு ரெண்டு சொட்டு விழும், அது அந்த எஞ்சினோட சுபாவம். பெல் ஹவுசிங் அடியில ஒரு ஓட்டை விட்டு அதுல ஒரு ஸ்ப்ளிட் பின் தொங்க விட்டிருக்கறதே அந்த ஓட்டை அடைச்சுக்காம ஆயில் வெளிய போகத்தான். ராத்திரி நிறுத்தி காலைல பாத்தா பேப்பர்ல ஒரு ரூபா காசு அளவுக்கு கறை இருந்தா விட்டுடுங்க. கிண்ணம் வைக்கிற அளவுக்கு ஒழுகுனாதான் இத தொடரணும்.

மொதல்ல டிப்ஸ்டிக்க, அதான் ஆயில் அளவு பாக்குற கம்பிய, பாருங்க. வேலை முடிச்சவங்க "புது எஞ்சின், இருக்கட்டும்"னு அரை லிட்டர் சேத்து ஊத்தியிருப்பாங்க. மேல் கோட்டுக்கு மேல இருந்தா கொஞ்சம் எறக்கிட்டு ஒரு வாரம் ஓட்டுங்க, பாதி கேஸ் இதுலயே தீந்துடும்.

ரெண்டாவது, என்ன ஆயில்னு பாருங்க. விரல்ல தொட்டு மோந்து பாத்தா கியர் ஆயில் தனியா ஒரு கந்தக வாடை அடிக்கும், தேன் மாதிரி கனமாவும் இருக்கும். கியர்பாக்ஸ் சீல் போனதுக்கு எஞ்சினை திட்டிப் பிரயோஜனம் இல்ல.

மூணாவது பிரீதர், அதாவது எஞ்சினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போற பைப். எங்க மாமாவோட அம்பாசிடர ரீபோர் அடிச்சு (சிலிண்டர் உள்பக்கத்த லேத்துல கடைஞ்சு), பிஸ்டன் ரிங்ஸ் மாத்தி கொண்டாந்த மூணாவது நாள் பின்னாடி ஒழுக ஆரம்பிச்சுது. வேலை பாத்த எடத்துலயே திரும்ப எறக்கி பின் மெயின் கேப்ப கழட்டி மாட்டினாங்க, ஒழுகுச்சு. இன்னொரு தடவ எறக்கி அனபாண்ட்னு கேஸ்கெட்டுக்கு தடவுற பேஸ்ட்ட அள்ளி அப்பினாங்க, அப்பவும் ஒழுகுச்சு. மாமா வண்டிய வித்துடலாம்னே முடிவு பண்ணிட்டாரு. ஒரு நாள் சாயங்காலம் வண்டிய ஓட விட்டு நான் ஆயில் ஊத்துற மூடிய சும்மா திறந்து பாத்தேன், மூடி யாரோ கைய குடுத்து தள்ளுன மாதிரி எகிறுச்சு, உள்ளேந்து புஸ்ஸுன்னு காத்து. சரி எங்கயோ அடைச்சிருக்குன்னு சைடு கவர்லேந்து கீழ வர்ற பிரீதர் பைப்ப கழட்டி ஒரு பக்கம் வாய வச்சு ஊதுனா போகவே மாட்டேங்குது. கம்பி விட்டு குத்தினதும் காஞ்ச மண்ணு கட்டி கட்டியா விழுது, நடுவுல செத்துக் காஞ்ச பச்சப் புழு நாலஞ்சு. குளவி! வண்டி லேத் வேலைக்காக ரெண்டு மாசம் கொட்டாயில சும்மா நின்னப்ப குளவி அந்த பைப்புக்குள்ள கூடு கட்டியிருக்கு, யாரும் பாக்காம அப்படியே மாட்டியிருக்காங்க. உள்ள சேர்ற காத்துக்குப் போக வழி இல்லாம ஆயில பின்னாடி வழியா தள்ளியிருக்கு. பைப்ப கழுவி மாட்டுனதோட சரி, அதுக்கப்புறம் அந்த ரெண்டு சொட்டோட நின்னுது. ரெண்டு தடவ எஞ்சின் எறக்குன கூலிய மாமா இன்னும் சொல்லிக் காட்டுவாரு.

அதனால பிரீதர் பைப், டேப்பட் கவர்லேந்து ஏர் ஃபில்டருக்கு போற ஹோஸ் ரெண்டையும் கழட்டி ஊதிப் பாருங்க. ஹோஸ் வெளிய நல்லாருந்து உள்ள ஊதிப்போய் ஒட்டிக்கிட்டும் இருக்கும், அப்படின்னா புதுசு போடுங்க. இது எல்லாம் சுத்தமா இருந்தும் மூடி எகிறுதுன்னா ரிங்ஸ் வழியா காத்து கீழ எறங்குதுன்னு அர்த்தம், கம்ப்ரஷன் பாக்குறத பத்தி கீழ எழுதியிருக்கேன், அதப் பாருங்க.

இவ்ளோவும் பாத்து, காத்தும் இல்ல, ஆயில் அளவும் சரி, இன்னும் ஊத்துதுன்னா அப்ப எறக்குங்க. எறக்குறப்ப சம்ப்போட (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) ரெண்டு முனையிலயும் இருக்குற கார்க் பட்டைய பாக்க சொல்லுங்க, அது விளிம்புக்கு மேல துளி தூக்கிக்கிட்டு நிக்கணும், வெட்டி சமமா விட்டாங்கன்னா ஒழுகும். மாருதில ரப்பர் சீலே இருக்கு, அங்க சீல் கோணலா எறங்கியிருக்கான்னு பாக்கணும்.

பேஸ்ட் பத்தி ஒரு வார்த்த. வெளிய பிதுங்கி நிக்கிற அதே அளவு உள்ளயும் பிதுங்கி நிக்கும், அது பிஞ்சு ஆயில் பம்ப்போட சல்லடைல போய் உக்காந்துச்சுன்னா பேரிங் போச்சு. மெல்லிசா ஒரு கோடு போதும். அள்ளி அப்புற கைய புடிச்சு நிறுத்துங்க.

பிக்கப் இல்ல

நம்ம ஊர் தட்டையான ஊரு, இழுவைய சோதிக்க மேடு கிடையாது. நாங்க ஆத்துப் பாலம் ஏத்தி பாப்போம், ரயில்வே மேம்பாலம்னா இன்னும் நல்லது. நாலு பேர ஏத்திக்கிட்டு டாப் கியர்ல ஏறிப் பாருங்க, எப்படி முக்குதுங்கறத வச்சு பிரிக்கலாம்.

*எஞ்சின் கத்துது, வண்டி நகரல.* இது எஞ்சின் தப்பே இல்ல, கிளட்ச் வழுக்குது. பின்னாடி ஒழுகுன ஆயில் கிளட்ச் தட்டுல பட்டிருக்கும், இல்ல கேபிள்ல ஃப்ரீ பிளே (பெடல் மொதல்ல கொஞ்சம் சும்மா எறங்குற இடம்) விடாம இறுக்கியிருப்பாங்க. ஃப்ரீ பிளே வச்சுப் பாருங்க, அது சும்மா நட்டு திருப்புற வேலை. ஆயில் பட்ட தட்ட பெட்ரோல்ல கழுவி மாட்டுனா நாலு நாள் தாங்கும், அவ்ளோதான்.

*டுப்பு டுப்புன்னு மிஸ்ஸிங்.* ஐடில்ல ஓட விட்டு, காப்பு போட்ட இடுக்கி வச்சு ஒரு ஒரு பிளக் வயரா கழட்டி மாட்டுங்க. எத கழட்டுனா சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர் வேலை செய்யல. மொதல்ல வயர் வரிசைய பாருங்க, அம்பாசிடருக்கு 1-3-4-2, மாருதி 800க்கு 1-3-2. சிரிக்காதீங்க, மாத்தி மாட்டி வந்த வண்டிய பாத்துருக்கேன். அடுத்து பிளக், அடுத்து பாயிண்ட் கேப், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற பாயிண்ட் திறக்குறப்ப வர்ற இடைவெளி. அம்பாசிடர்ல பாயிண்ட் கேப் 0.35லேந்து 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வச்சே பாருங்க, சிகரெட் அட்டைய வச்சு பாக்குறது தாத்தா காலத்தோட போகட்டும். பாயிண்ட் கருகி இருந்தா கண்டன்சரையும் சேத்து மாத்துங்க. எலி கடிச்ச வயரையும் தேடுங்க, அறுப்பு முடிஞ்சு வயல்ல ஒண்ணும் இல்லாத மாசத்துல அதுங்க கொட்டாய்க்குதான் வரும். ஒரு தடவ ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்ள ஒரு படி நெல்லு சேத்து வச்சிருந்துது, வண்டி எப்படி மூச்சு விடும்?

*எல்லா ஸ்பீடுலயும் சோம்பலா இருக்கு, ஆனா மிஸ்ஸிங் இல்ல.* இதுக்கு வரிசையா பாருங்க. ஆக்சிலேட்டர ஒரு ஆள் முழுசா மிதிக்க, கார்ப்ரேட்டர் வாய் முழுசா திறக்குதான்னு நீங்க எட்டிப் பாருங்க, கேபிள் சரியா மாட்டாம முக்காவாசியே திறந்த கேஸ் ரெண்டு பாத்தாச்சு. எஞ்சின் அணைச்சுட்டு பாருங்க இத. அப்புறம் சைலன்சர் வாயில கைய வச்சு காத்து தாராளமா வருதான்னு பாருங்க. அப்புறம் இக்னிஷன் டைமிங். அப்புறம்தான் கேம் டைமிங், அதாவது வால்வு திறந்து மூடுற நேரம், மாருதில பெல்ட் ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனா மாட்டு வண்டி மாதிரி போகும். புல்லி மார்க்க நேரா வச்சு பாத்தா தெரிஞ்சிடும்.

ஐடில் நிக்காம ஏறி எறங்குதுன்னா கார்ப்ரேட்டர் அடியில காத்து இழுக்குது. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணிய அந்த மூட்டு மேல மட்டும் லேசா அடிங்க, சத்தம் மாறுனா அந்த கேஸ்கெட்தான். பெட்ரோல அடிச்சு பாக்குற வீரத்த எல்லாம் காட்ட வேண்டாம்.

இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, பழைய கார்ப்ரேட்டர் ரப்பர் எல்லாம் அதுல ஊறிப் போகும், வண்டி ரொம்ப நாள் நின்னா ஈரத்தையும் இழுத்துக்கும். எஞ்சினுக்கு அவ்ளோ செலவு பண்ணிட்டு பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ் இதெல்லாம் பழசையே விடாதீங்க.

*இதெல்லாம் சரி, இன்னும் இழுக்கல.* கம்ப்ரஷன் பாக்கணும். கேஜ் இல்லன்னா ஏதாவது ஒரு கடையில கேட்டு வாங்குங்க. எஞ்சின் சூட்டுல, எல்லா பிளக்கும் கழட்டி, காயில் வயர எடுத்து விட்டு, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு செல்ஃப் அடிக்கணும். கேஜ் காட்டுற எண்ண விட முக்கியம் சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம், பத்து பதினஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி. ஒண்ணு மட்டும் கம்மின்னா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க. ஏறுச்சுன்னா ரிங்ஸ். ஏறலன்னா வால்வு, மொதல்ல டேப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கு விடுற இடைவெளி) வச்சுட்டு பாருங்க, ஏன்னா கேப்பே இல்லாம டைட்டா வச்சிருந்தா வால்வு மூடாம இதே மாதிரி காட்டும். பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து கம்மின்னா ஹெட் கேஸ்கெட். இதுக்கு மேல லேத்காரர் வேலைதான், நீங்க எழுதி வச்ச எண்ண மட்டும் கொண்டு போய் காட்டுங்க, பேச்சு குறையும்.

நீலப் புகை, ஆயில் குடிக்குது

புது ரிங்ஸ் போட்ட மொத 500, 1000 கிலோமீட்டர் கொஞ்சம் குடிக்கும், பயப்படாதீங்க. அதுக்கு மேலயும்னா எப்ப புகையுதுன்னு பாருங்க. காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஒரு புகை விட்டு நின்னுடுது, இல்ல பாலத்துல கால எடுத்து எறங்கி திரும்ப மிதிக்கிறப்ப மட்டும் விடுதுன்னா வால்வு சீல், இல்ல வால்வு தண்டு ஓடுற கைடு. ஏறுறப்ப விடாம புகையுதுன்னா ரிங்ஸ்.

ரிங்ஸ்னா அதுலயும் ரெண்டு. மேல் பக்கம்னு குறி போட்ட ரிங்க தலைகீழா மாட்டியிருப்பாங்க, இல்ல ரிங்குகளோட வெட்டு வாய் எல்லாம் ஒரே நேர்ல வச்சிருப்பாங்க, அது எறக்கிதான் ஆகணும். இன்னொண்ணு ரிங் உக்காராம போனது, அது பாதி நம்ம தப்பு. புது எஞ்சினுக்கு வலிக்கக் கூடாதுன்னு முப்பதுலயே உருட்டுறது, நீடாமங்கலம் கேட்டுல ரயில் போற வரைக்கும் அணைக்காம ஐடில்ல விடுறது, இப்படியே ஓட்டுனா சிலிண்டர் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகி ரிங் புடிக்காது. லேசா லோடு குடுத்து, வேகத்த ஏத்தி எறக்கி, முக்க விடாம ஓட்டணும், மொத ஆயில சாதா மினரல் ஆயிலா ஊத்தி 500லயே மாத்திடணும்.

விடாம வெள்ளப் புகை, தண்ணி கொறையுது, டிப்ஸ்டிக்ல பால் டீ மாதிரி நுரைன்னா ஓட்டாதீங்க. ஹெட் கேஸ்கெட், இல்ல ஹெட் வெடிப்பு. மூடி உள்பக்கம் மட்டும் லேசா வெள்ளையா இருந்தா அது மார்கழி ஈரம், பத்து கிலோமீட்டர் ஓட்டுனா போயிடும்.

சூடாகுது

அறுப்பு சமயம்னா மொத வேலையா ரேடியேட்டர் முன்னாடி பாருங்க. ரோட்டுல நெல்லு காயப் போட்டிருப்பாங்க, மிஷின் அறுக்குற தூசி பறக்கும், பதரும் வைக்கோல் துணுக்கும் போய் ரேடியேட்டர் கண்ணுல அடைச்சுக்கும். உள்பக்கத்துலேந்து வெளிப்பக்கமா தண்ணி அடிச்சு எடுங்க. அப்புறம் ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து ஆளுங்க போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க, உப்பு பிளாக்க உள்ளேந்தே தின்னுடும், பிளாக்குல ஓட்டைய மூடியிருக்குற கோர் பிளக் தகடு ஓட்டையாகி தண்ணி சொட்டும். கூலண்ட் வாங்கி நல்ல தண்ணியில கலந்து ஊத்துங்க. சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்ட கழட்டி எறியறதும் ஒரு வைத்தியமா ஓடிக்கிட்டிருக்கு, அப்புறம் எஞ்சின் சூடே ஏறாம பெட்ரோல் குடிக்கும்.

அம்பாசிடர்னா மொத சூட்டுக்கு அப்புறம் ஆற விட்டு ஹெட் நட்ட நடுவுலேந்து ஓரத்துக்கு டார்க் ரெஞ்ச்ல திரும்ப ஒரு தடவ வரிசையா இறுக்குனாங்களான்னு கேளுங்க, இறுக்குனா டேப்பட்டும் திரும்ப வைக்கணும். இத செய்யாம விட்ட வண்டிதான் ரெண்டு மாசத்துல கேஸ்கெட் போய் வரும்.

ஆயில் லைட் அணையல, இல்ல ஐடில்ல மினுக்குது

உடனே எஞ்சின நிறுத்துங்க. ஆயில் அளவு பாருங்க, இருந்தா சென்சார் வயர பாருங்க, வேற ஒரு சென்சாரோ கேஜோ மாட்டிப் பாருங்க, அதுலயும் பிரஷர் இல்லன்னா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. கீழேந்து டக் டக்குன்னு கனமா சத்தம் வந்தாலும் அதேதான். வீட்டுக்கு மூணு கிலோமீட்டர்தானேன்னு எங்க சின்ன மாமனார் ஓட்டிட்டு வந்தாரு, மூணாவது கிலோமீட்டர்ல கனெக்டிங் ராடு பிளாக்க ஒடச்சுக்கிட்டு வெளிய எட்டிப் பாத்துச்சு. டிராக்டருக்கு போன் போட்டு கயிறு கட்டி இழுத்துட்டு வாங்க, நம்ம பக்கம் டிராக்டருக்கா பஞ்சம்.